ரவுட்டர் மாறியதும் மவுஸ் அடுத்த திரைக்குப் போகவில்லையா? எதையும் வாங்காதீர்கள்

செங்காங்கிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "விண்டோஸ் கணினியில் செருகிய கீபோர்டையும் மவுஸையும் டெஸ்க்ஃப்ளோ செயலி மூலம் மேக்புக்கிலும் பயன்படுத்தி வந்தேன். இணைய ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது புது ரவுட்டர் கொடுத்தார்கள். பழையது என் அறையில் அப்படியே ஓடுகிறது. அன்றிலிருந்து மேக்கில் 'கனெக்டிங்' என்றே நிற்கிறது. கடையில் கேட்டால் ஒரே கீபோர்டு, மவுஸ், திரையை இரண்டு கணினிகளுக்கும் மாற்றித்தரும் சுவிட்ச் பெட்டியை 220 வெள்ளிக்கு வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?"

வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் கணினிகளில் பழுது எதுவும் தெரியவில்லை. இரண்டும் இப்போது ஒரே நெட்வொர்க்கில் இல்லை, அவ்வளவுதான்.

விண்டோஸ் கணினி அறையிலுள்ள பழைய ரவுட்டரோடு இணைந்திருக்கும். மேக்புக் புது ரவுட்டரின் வைஃபையைப் பிடித்திருக்கும். இரண்டிலும் யூடியூப் ஓடுவதால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். ஆனால் டெஸ்க்ஃப்ளோவில் கீபோர்டு செருகிய கணினிதான் சர்வர். அதைத் தேடிப் போக வேண்டியது மேக். பழைய ரவுட்டரோ, தனக்குப் பின்னால் இருக்கும் கணினியை வெளியிலிருந்து யாரும் தேடி வர விடாது.

உறுதிசெய்ய, இரண்டு கணினிகளிலும் நெட்வொர்க் செட்டிங்ஸில் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அந்தக் கணினியின் எண்ணைப் பாருங்கள். ஒன்றில் 192.168.1.23, மற்றதில் 192.168.50.14 என்பதுபோல் மூன்றாவது எண் வேறாக இருந்தால் இதுதான் காரணம். மேக்கைப் பழைய ரவுட்டரின் வைஃபைக்கு மாற்றுங்கள். 'கெஸ்ட்' வைஃபை வேண்டாம். அதில் இருக்கும் கருவிகள் பெரும்பாலும் ஒன்றையொன்று பார்க்க முடியாது. அப்புறம் விண்டோஸ் கணினியின் இப்போதைய முகவரியை மேக்கிலுள்ள டெஸ்க்ஃப்ளோவில் புதிதாகத் தட்டுங்கள். அங்கே பழைய எண்ணே கிடக்கும், பலர் இதைக் கவனிப்பதில்லை. நேரம் கிடைக்கும்போது பழைய ரவுட்டரை, புது ரவுட்டரின் நெட்வொர்க்கையே நீட்டித் தரும் 'ஆக்சஸ் பாயிண்ட்' முறைக்கு மாற்றிவிட்டால் வீடு முழுக்க ஒரே நெட்வொர்க் ஆகிவிடும். அதற்குப் பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை.

புது ரவுட்டரைக் கையில் கொடுக்கும்போதே இதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். வீவக அடுக்குமாடி வீடுகளில் உள்ளறைக்கு சிக்னல் எட்டாமல் எத்தனையோ பேர் இரண்டாவது ரவுட்டர் வைத்திருக்கிறார்கள் என்பது சேவை நிறுவனங்களுக்குத் தெரியாததா? அழைத்துக் கேட்டால், நெடுநேரம் பாட்டு போட்டுக் காக்க வைத்துவிட்டு, "இணையம் வருகிறதா? அப்படியானால் எங்கள் பக்கம் கோளாறில்லை" என்று வைத்துவிடுகிறார்கள். அந்த இடைவெளியில்தான் சுவிட்ச் பெட்டி விற்பவர் நுழைகிறார்.

அடுத்து, "ஃபயர்வாலை அணைத்துவிடுங்கள், வேலை செய்யும்" என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் காவல் அது. ரவுட்டர் மாறினால் விண்டோஸ் அதைப் புது இடமாக எண்ணி 'பப்ளிக்' என்று குறித்துவிடும். உங்கள் சொந்த வீட்டு வைஃபைதான் என்றால் அதை 'பிரைவேட்' ஆக்கி, ஃபயர்வாலில் டெஸ்க்ஃப்ளோவுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். அது வழக்கமாகப் பயன்படுத்துவது 24800 என்ற ஒரே போர்ட், அதாவது ஒரே இணைப்பு வாசல்தான். இதேபோல், 'டிஎல்எஸ்' என்ற குறியாக்கத்தையும் எடுத்துவிடாதீர்கள். இரண்டு பக்கமும் அது ஒன்றுபோல் இருக்க வேண்டும். நீங்கள் தட்டும் ஒவ்வோர் எழுத்தும், சிங்பாஸ் கடவுச்சொல் உட்பட, இந்த இணைப்பு வழியாகத்தான் போகிறது.

இணைப்பு கிடைத்தும் மேக்கில் மவுஸ் அசையவில்லை என்றால், 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் 'ஆக்சசிபிலிட்டி'யைப் பாருங்கள். அனுமதி இருப்பதாகக் காட்டினாலும் டெஸ்க்ஃப்ளோவை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கி மறுபடி சேர்த்துவிடுங்கள். புதிய மேக் என்றால் 'லோக்கல் நெட்வொர்க்' அனுமதியும் வேண்டும்.

மேக்புக் அலுவலகம் கொடுத்ததா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியானால் மேலே சொன்னதில் எதையும் செய்ய வேண்டாம். அலுவலக நெட்வொர்க்குக்குப் பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் இணைந்ததும் பல நிறுவனங்களின் கணினிகள் வீட்டிலுள்ள மற்ற கருவிகளைப் பார்க்கவே பார்க்காது. வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். விபிஎன்னைத் துண்டித்தால் மவுஸ் ஓடும், இணைத்தால் நிற்கும் என்றால் அதுதான் விஷயம். அதைச் சுற்றிப் போக வழி தேடாதீர்கள். கீபோர்டு தட்டுவதை இன்னொரு கணினிக்கு அனுப்பும் செயலியை அனுமதியில்லாமல் போட்டால், ஐடி பிரிவின் கண்ணுக்கு அது உளவுச் செயலிபோலத் தெரியும். பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். இந்த ஒரு நிலையில் மட்டும் சுவிட்ச் சரியான தீர்வு. அதுவும் கீபோர்டு, மவுஸ் இரண்டை மட்டும் மாற்றும் சாதாரண யுஎஸ்பி சுவிட்ச் போதும். நெட்வொர்க்கும் வேண்டாம், செயலியும் வேண்டாம். திரையையும் சேர்த்து மாற்றும் பெட்டிக்குத்தான் 220 வெள்ளி சொல்கிறார்கள். உங்களிடம் இரண்டு திரைகளும் தனித்தனியாக இருக்கும்போது அது எதற்கு? வாங்கும் முன் ஐடி பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, சரி என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இணையத்தில் தேடும்போது வரும் 'உடனடி உதவி' எண்களை அழைக்காதீர்கள். தொலைவிலிருந்தே கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் செயலியைப் போடச் சொல்லி உங்கள் திரைக்குள் வர நினைப்பவர் மவுஸைச் சரிசெய்ய வரவில்லை. சந்தேகம் வந்தால் மோசடி தடுப்புக்கான ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799ஐ அழையுங்கள். ஏற்கெனவே உள்ளே விட்டிருந்தால் முதலில் வைஃபையைத் துண்டியுங்கள், உடனே வேறு கைப்பேசியிலிருந்து வங்கியை அழையுங்கள்.