கம்பெனிக்குப் போகிறேன் என்கிறான் மகன்

கேள்வி: பாலக்கோடு பக்கத்துக் கிராமம் எங்களுடையது. கணவர் தக்காளி மண்டியில் சுமை தூக்குகிறார். மகன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து, இந்த ஆண்டு கணிதப் பிரிவில் பிளஸ் டூ தேறியிருக்கிறான். பி.இ. சேர வேண்டும் என்று அப்பா, நண்பர்களோடு ஓசூர் கம்பெனிக்குப் போகிறேன் என்று மகன். இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் யார் பக்கம் பேசுவது?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

விலை விழுந்தால் பறித்த கூலிக்குக்கூடக் கட்டாமல் தக்காளியைக் கொட்டிவிட்டுப் போகும் விவசாயிகளைத் தினமும் பார்க்கிறவர் உங்கள் கணவர். மகன் படித்துப் பிழைக்கட்டும் என்று அவர் அடம்பிடிப்பதில் வியப்பில்லை. ஆனால் கம்பெனி வேலை ஏன் என்று அவனிடம் யாரும் கேட்டதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லையே!

சம்பாதிக்கத் துடிக்கும் பையனுக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். வீட்டுக் கடன் பேச்சு அவன் காதில் விழுந்திருக்கலாம். கணக்குப் பாடம் பயமுறுத்தலாம். தனியாக இருக்கும்போது கேளுங்கள். பெரியப்பா மகனோடு ஒப்பிட்டு மட்டும் பேசாதீர்கள். சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல் ஒடுங்கிக் கிடக்கிறான் என்றால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் பேசுங்கள்.

ஓசூரில் வேலை பார்க்கும் நண்பன் ஊருக்கு வரும்போது சாப்பிடக் கூப்பிடுங்கள். சோறு போட்டுக்கொண்டே விசாரியுங்கள். கம்பெனி ஆளா, கான்ட்ராக்டர் ஆளா? பி.எஃப். பிடிக்கிறார்களா? ரூம் வாடகையும் மெஸ் செலவும் போக மாதக் கடைசியில் கையில் என்ன நிற்கிறது? உங்கள் கணவரும் உட்காரட்டும், ஆனால் வாய் திறக்காமல். நீங்கள் ஆயிரம் சொன்னாலும் ஏறாதது, நண்பன் வாயால் வந்தால் ஏறும்.

இயந்திர வேலையில் அவனுக்கு உண்மையிலேயே நாட்டம் இருந்தால், என் ஓட்டு பாலிடெக்னிக்கிற்குத்தான். கணிதப் பிரிவில் பிளஸ் டூ முடித்தவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டே ஆண்டில் டிப்ளமோ கைக்கு வரும். பிறகு ஆசை வந்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நுழையலாம். அப்பா சொன்னதும் நடக்கும், மகன் சொன்னதும் நடக்கும். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. ஐ.டி.ஐ.யையும் மட்டமாக நினைக்க வேண்டாம்.

பி.இ. என்றே முடிவானால், ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பர்கூரில் அரசு பொறியியல் கல்லூரியே இருக்கிறது. ஒன்றை மறந்துவிடாதீர்கள்: இந்தச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேர்கிறவர்களுக்குத்தான். இப்போதே அட்வான்ஸ் கட்டுங்கள் என்று வாசலுக்கு வரும் புரோக்கர்களுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். இவற்றில் எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் அரசின் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவன் வங்கிக் கணக்குக்கே வரும். பஸ்ஸுக்கும் டீக்கும் உங்களிடம் கை நீட்ட வேண்டியதில்லை என்பது அந்த வயதில் பெரிய விஷயம்.

வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று எதற்கும் நீங்கள் அலையாதீர்கள். இ-சேவை மையத்தில் அவனே வரிசையில் நிற்கட்டும். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அவனே கண்டுபிடித்துத் திருத்தட்டும். பிள்ளைக்காக ஓடி ஓடி எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்துவிட்டு, 'இவனுக்குப் பொறுப்பே இல்லை' என்று புலம்புவது நம் வீடுகளில் வழக்கம்.

இத்தனைக்குப் பிறகும் கம்பெனிதான் என்றால் தடுக்காதீர்கள். 18 வயது நிறையட்டும், வேலைக்கான உத்தரவுக் கடிதத்தைக் கையில் வாங்கட்டும். அசல் மதிப்பெண் சான்றிதழையும் டி.சி.யையும் எந்த ஏஜென்டிடமும் கொடுக்க வேண்டாம். நகல் போதும்.