சுவரில் போஸ்டர் ஒட்டுவது பேச்சுரிமையா? வாட்ஸப் குழுவிலிருந்து நீக்குவது உரிமை மீறலா?

கேட்டது இதுதான்: பாளையங்கோட்டையில் எங்கள் காம்பவுண்டுச் சுவரில் கட்சி போஸ்டர் ஒட்டுகிறார்கள், கேட்டால் பேச்சுரிமை என்கிறார்கள். தண்ணீர் வராததைத் தெரு வாட்ஸப் குழுவில் எழுதியதற்கு அட்மின் என்னை நீக்கிவிட்டார். எது உரிமை மீறல்?

ஒட்டியவருக்கு அந்த உரிமை கிடையாது. அட்மினும் உங்கள் உரிமை எதையும் பறிக்கவில்லை.

பேச்சுரிமையைத் தரும் அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவு முதலில் அரசாங்கத்தின் கையைக் கட்டத்தான் இருக்கிறது. 2017 நவம்பரில், நெல்லை கலெக்டர் அலுவலகத் தீக்குளிப்பைப் பற்றிக் கார்ட்டூன் போட்ட பாலாவைப் போலீஸ் கைது செய்ததே, பேச்சுரிமை என்று உரக்கச் சொல்ல வேண்டிய இடம் அது. கௌஷல் கிஷோர் வழக்கில் (2023) இந்த உரிமையைத் தனியாருக்கு எதிராகவும் கோரலாம் என்றது உச்சநீதிமன்றம். ஆனாலும் அடுத்தவர் சுவரைக் கேட்காமல் எடுத்துக்கொள்ள அதில் வழியில்லை.

சுவர் விஷயத்துக்கு 1959-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. தெருவில் போகிறவர் கண்ணில் படும் தனியார் சுவரும் அதில் அடங்கும். ‘விளம்பரம் செய்யாதீர்’ என்று எழுதிவைத்தால் தெரியாமல் ஒட்டினோம் என்று சொல்ல முடியாது. போஸ்டரைப் பார்த்ததும் கிழிக்காதீர்கள். பெரும்பாலோர் கோபத்தில் கிழித்துவிட்டுக் கையில் ஒன்றும் இல்லாமல் ஸ்டேஷனுக்குப் போகிறார்கள். முழுச் சுவரும் தெரிய ஒரு படம், அடியில் அச்சகத்தின் பெயர் தெரிய ஒரு படம் எடுங்கள். தேர்தல் போஸ்டரில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இல்லையென்றால் அதுவே குற்றம்; மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவில் 6 மாதம் வரை சிறை. தேர்தல் நேரமென்றால் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் வசதியில் போடலாம். மற்ற நாளில் ஸ்டேஷனில் எழுத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். அப்புறம் வெந்நீர் விட்டு ஊறவைத்து உரியுங்கள். காய்ந்த மைதாப் பசையை இழுத்தால் வெள்ளையும் சேர்ந்து பெயர்ந்து வரும்.

வாட்ஸப் குழு என்பது அட்மின் வீட்டுத் திண்ணை மாதிரி. யார் உட்காரலாம் என்பதை அவர் முடிவு செய்யலாம். அதற்காக, குழுவில் அடுத்தவர் எழுதியதற்கெல்லாம் அவர் தலையில் வழக்கு விழாது. வெறும் அட்மின் என்றால் அவர் பெயரை வழக்கிலிருந்து நீக்க வேண்டும் என்று 2021-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது. எழுதியவர் தப்ப மாட்டார். சாதிப் பகையைத் தூண்டும் ஸ்டேட்டஸுக்குப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவின் 196-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. நம் பக்கத்துப் பையன்கள் வாழ்க்கையைத் தொலைப்பது இதில்தான். வீட்டில் சொல்லி வையுங்கள்.

முகநூல் உங்கள் பதிவை நீக்கினால் நிலைமை வேறு. அவர்களுடைய குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள், 24 மணி நேரத்துக்குள் ஒப்புகை வர வேண்டும். பதில் திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனில் போகலாம். பதிவின் இணைப்பையும் ஸ்க்ரீன்ஷாட்டையும் முன்பே எடுத்து வைத்திருக்க வேண்டும்.

தண்ணீர்ப் புகாரை உங்கள் சொந்தப் பக்கத்தில் போடுங்கள். தெரு, தேதி, எத்தனை நாளாக வரவில்லை என்பதோடு. அதையே மனுவாக எழுதித் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து எண் வாங்குங்கள்.