புது ஜினியா ரகத்துக்கு மொத்த வயலையும் மாற்றலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். ஆறு வருடமாகக் கால் ஏக்கரில் கொய்மலருக்காக (காம்போடு வெட்டி விற்கும் பூ) ஜினியா போடுகிறோம். இந்த முறை விதை டீலர் ஒரு புது அடுக்கு ரகத்தில் ஒரு பொட்டலம் இலவசமாகக் கொடுத்தார். கிணற்றடியில் புதிதாகப் போட்ட பாத்தியில் விதைத்தோம். பூ உள்ளங்கை அகலம் வந்தது, நோயே இல்லை. பழைய ரகம் மேல் வயலில் இரண்டு மாதம் முன்னதாகப் போட்டது, அதில் இலைமேல் வெள்ளைப் பொடி படியும் சாம்பல் நோய் ஏறிவிட்டது. ஆனால் புது ரகத்தின் காம்பு பழையதைவிட ஒரு சாண் குட்டை. அடுத்த பருவம் மொத்தத்தையும் புது ரகத்துக்கு மாற்ற நினைக்கிறோம். டீலர் முன்பணம் கேட்கிறார். காம்பு நீள ஜிப்ரலிக் அமிலம் எத்தனை பிபிஎம் அடிக்கலாம்? ஒரே ரகத்தை நம்பி இறங்கப் பயமாகவும் இருக்கிறது.

பதில்: அம்மா, ஜிப்ரலிக் அமிலம் வேண்டாம். அது ஒரு வளர்ச்சி ஊக்கி, கணுவுக்கும் கணுவுக்கும் இடையே உள்ள தண்டை இழுத்துவிடும். நீளம் வரும், கூடவே காம்பு மெலியும். ஜினியாவுக்குப் பூவின் அடியில் உள்ள கழுத்துதான் பலவீனமான இடம். உள்ளங்கை அகலப் பூவை மெலிந்த கழுத்தில் நிறுத்தினால் வாளியில் வைத்த அன்றே தலை சாய்ந்துவிடும்.

காம்பு நீளத்துக்குக் கத்திரிக்கோலே போதும். செடி 20 முதல் 30 செ.மீ. வளர்ந்ததும் மூன்று நான்கு ஜோடி இலைகளை விட்டுவிட்டு நுனியை வெட்டிவிடுங்கள். அடியிலிருந்து கிளைகள் நேராக எழும்பும். அப்புறம் முதல் அறுவடையில் தயங்காமல் ஆழமாக வெட்டுங்கள். பக்க மொட்டு வீணாகிறதே என்று மேலாக வெட்டினால் அடுத்து வரும் காம்பெல்லாம் மேல் கணுவிலிருந்து குட்டையாகத்தான் கிளம்பும். தழைச்சத்தையும் அள்ளிப் போடாதீர்கள், தண்டு நீர்கோத்து மெத்தென்று ஆகிவிடும்.

சரி, இனி நீங்கள் கேட்காததற்கு வருகிறேன். புது ரகம் குட்டை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? பழையதை இரண்டு மாதம் முன்பே விதைத்திருக்கிறீர்கள். ஜினியா, பகல் குறுகினால் சீக்கிரம் பூக்கிற செடி. சீக்கிரம் பூத்தால் அதற்குள் வளர்ந்த உயரம்தான் காம்பு. இரண்டு மாதத்தில் பகல் சுருங்கியிருந்தால் உங்கள் பழைய ரகமே அதே கிணற்றடியில் அதே குட்டையாக நின்றிருக்கலாம். சாம்பல் நோயும் அப்படித்தான், பெரும்பாலும் வயதான செடியில்தான் ஏறும். புதுச்செடி இரண்டு மாதம் இளையது, அதுவும் இதுவரை ஜினியா பார்க்காத மண்ணில் நிற்கிறது. ஆகவே அதன் குறையும் உண்மையா தெரியாது, நிறையும் உண்மையா தெரியாது.

இதை நான் யாரிடம் பேசினாலும் சொல்வேன், சொல்லிக்கொண்டே இருப்பேன்: புது ரகத்தைத் தனியாக விதைத்துப் பார்ப்பது சோதனையே இல்லை. பழைய ரகம் பக்கத்திலேயே, அதே நாளில், அதே குழித்தட்டில், அதே மண்ணில் நிற்க வேண்டும். ஒரு பாத்திக்குள்ளேயே தண்ணீர் ஏறும் முனைக்கும் கடைசி முனைக்கும் காம்பு நீளத்தில் வித்தியாசம் காட்டும். இரண்டு வயல்களுக்கு நடுவே எவ்வளவு காட்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் நானே அடிபட்டிருக்கிறேன். ஒரு குளிர் பருவத்தில், கதிராகப் பூக்கும் ஸ்னாப்டிராகன் என்ற கொய்மலரில் புது ரகம் ஒன்றைத் தனியாகப் போட்டேன். கதிர் ஒவ்வொன்றும் முழங்கை நீளம். அந்த மகிழ்ச்சியில் கோடை நடவு முழுவதையும் அதற்கே மாற்றினேன். காம்பு பென்சில் கனம்கூட வராமல், முழங்காலுக்குக் கீழேயே பூத்து முடிந்தது. ஸ்னாப்டிராகனில் 1 முதல் 4 வரை பிரிவுகள் உண்டு. முதல் பிரிவு குளிருக்கும் குறைந்த வெளிச்சத்துக்கும், நான்காவது வெயிலுக்கும் நீண்ட பகலுக்கும். நான் வாங்கியது முதல் பிரிவு. பொட்டலத்தில் அச்சிட்டிருந்தது, விற்றவரும் சொல்லவில்லை, நானும் படிக்கவில்லை. பழைய கோடை ரகத்தில் நாற்பது செடி பக்கத்தில் நின்றிருந்தால் முதல் மாதத்திலேயே வித்தியாசம் கண்ணில் பட்டிருக்கும், அடுத்த தவணை நடவையாவது காப்பாற்றியிருப்பேன்.

நீங்கள் செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. ரகத்துக்கு அறுபது செடி போதும். ஒரே பாத்தியில் இருபது புதியது, இருபது பழையது என்று மாற்றி மாற்றி மூன்று இடத்தில் நடுங்கள். ஓரத்துச் செடிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவற்றுக்கு வெளிச்சமும் இடமும் கூடுதல். ரகப் பெயரைக் குச்சி அட்டையில் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை வெயிலில் போய்விடும். மூன்று வாரம் கழித்து இதையே இன்னொரு தவணை விதையுங்கள். ஒரு தவணையில் ஜெயித்த ரகம் அடுத்த தவணையில் தோற்பது பகல் நீளத்துக்கேற்ப மாறும் பூக்களில் சர்வசாதாரணம்.

நோட்டில் பூவை எண்ணாதீர்கள், விற்கும் காம்பை எண்ணுங்கள். 45 செ.மீ.க்கு மேல் எத்தனை, கழித்தது எத்தனை, ஏன் கழித்தீர்கள், முதல் வெட்டு எந்த நாள், கடைசி வெட்டு எந்த நாள். பூ அகலம் எழுதவே வேண்டாம் என்பேன். ஆளை மயக்குவது அதுதான்.

அப்புறம் ஜாடி. வெட்டும் பக்குவத்தை இரண்டு ரகத்துக்கும் ஒன்றாக வையுங்கள்: பூவுக்கு ஒரு சாண் கீழே காம்பைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். தலை மட்டும் தனியாகத் துவண்டு ஆடினால் இன்னும் இரண்டு நாள் விடுங்கள். குச்சி மாதிரி மொத்தமும் ஒன்றாக ஆடினால் வெட்டலாம். ஒவ்வொன்றிலும் பத்துக் காம்பு எடுத்து, தண்ணீருக்குள் போகும் இலைகளை உருவிவிட்டு, கழுவிய ஜாடியில் வையுங்கள். இன்னொரு பத்தை ஒரு பகல் முழுக்கத் தண்ணீரில்லாமல் பெட்டியில் படுக்கப் போட்டு, அதன்பிறகு ஜாடியில் வையுங்கள், வாங்குகிறவர் கைக்குப் பூ அப்படித்தான் போய்ச் சேருகிறது. வெயில் படாத அறை, 20 டிகிரியை ஒட்டிய குளுமை இருந்தால் நல்லது. ஃபிரிட்ஜில் வைத்துவிடாதீர்கள், 4, 5 டிகிரிக்குக் கீழே போனால் ஜினியா இதழ் பழுதாகும்.

தினமும் காலையில் பாருங்கள். தண்ணீர் பால்போலக் கலங்குவது எந்த நாள், காம்பின் அடி வழவழப்பாவது எந்த நாள், கழுத்து வளைவது எந்த நாள், பின்பக்க இதழ் ஓரம் பழுப்பாவது எந்த நாள். ஜினியா தண்ணீரைச் சீக்கிரம் கெடுக்கும் பூ. நல்ல ரகமாக இருந்தால் சுத்தமான தண்ணீரில் ஒரு வாரம் நிற்க வேண்டும். அடர்ந்த அடுக்குப் பூக்கள் வயலில் அசத்திவிட்டு நான்காம் நாள் கழுத்தை மடக்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வயலில் பார்த்து ஆர்டர் கொடுத்தவர்கள் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

டீலர் விஷயத்தில் ஒளிக்காமல் சொல்கிறேன். இலவசப் பொட்டலம் கொடுத்து, நீங்கள் பூவைப் பார்த்து மகிழ்ந்திருக்கும் வாரத்தில் முன்பணம் கேட்பது வியாபார உத்தி, சிபாரிசு இல்லை. "நோயே வராது" என்று சொல்லும் டீலரிடம் எந்த நோய் என்று கேளுங்கள். தாங்கும் சக்தி வேறு, வராமலே இருப்பது வேறு. "பரிசு வாங்கிய ரகம்" என்றால் எதற்காகப் பரிசு என்று கேளுங்கள். புரொஃப்யூஷன் ஜினியா 1999-இல், அமெரிக்காவில் புது ரகங்களைச் சோதித்துப் பரிசளிக்கும் ஆல் அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் அமைப்பின் தங்கப் பதக்கத்தைப் பெற்றது. சாம்பல் நோயையும் நன்றாகத் தாங்கும். ஆனால் செடியே முழங்கால் உயரத்துக்கு வராது. தோட்ட ஓரத்துக்கு அருமையான பூ, உங்கள் வாளிக்கு உதவாது.

ஆகவே இப்போது முன்பணம் வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுக்கு மட்டும் விதையைக் காசு கொடுத்தே வாங்குங்கள். லாட் எண் (எந்தத் தொகுப்பு விதை என்று காட்டும் எண்) உள்ள பொட்டலத்தைத் தூக்கி எறியாமல் நோட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வருடம் அதே பெயரில் வேறு மாதிரி முளைத்தால் கேட்க உங்களிடம் அது ஒன்றுதான் இருக்கும். புது ரகம் இரண்டு தவணையிலும் காம்பு எண்ணிக்கையிலும் ஜாடியிலும் பழையதை மிஞ்சினால், அடுத்த பருவத்தில் கால் பங்கு வயலை மாற்றுங்கள். மீதி முக்கால் பங்கில் பழைய ரகமே நிற்கட்டும், அதன் விதையையும் இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.