வாசகர் கேள்வி பதில்: பாதி ஸ்கூல்ல, பாதி வீட்டுல

கேள்வி: என் பையன் ஏழாவது படிக்கிறான். நவம்பர் வந்து காத்து மோசமாச்சுன்னா ஸ்கூல்ல இருந்து மெசேஜ் வந்துடுது, ஹைப்ரிட் மோட், ஸ்கூலுக்கும் வரலாம், வீட்டுல இருந்து ஆன்லைன்லயும் பாக்கலாம், அனுப்பறதும் அனுப்பாததும் உங்க இஷ்டம்னு. நாங்க ரெண்டு பேருமே ஆபீஸ் போறவங்க. கொரோனா டைம்ல இப்படித்தானே ஓட்டினாங்க, அப்ப ஆறாவது ஏழாவது பசங்களுக்கு நாள் எப்படி போச்சு, படிப்பு ஏதாவது ஏறுச்சா? அனுப்பவா வேண்டாமா?
- ஒரு அம்மா, மயூர் விஹார், டெல்லி

பதில்: வீசிங், இன்ஹேலர்னு எதுவும் இல்லாத பையனா இருந்தா அனுப்புங்கம்மா. நான் அந்த வருஷங்கள்ல டெல்லியில ஆறு ஏழு எட்டுக்கு கணக்கு எடுத்தவ, பக்கத்துல இருந்து பாத்ததை வச்சு சொல்றேன்.

2020 மார்ச்ல மூடின ஸ்கூல் எட்டாவது வரைக்கும் இருக்கற பசங்களுக்கு 2021 நவம்பர் 1 தான் திறந்துச்சு, 19 மாசத்துக்கும் மேல. அதுவும் கிளாஸ்ல பாதி பேர் தான் உக்காரலாம், வீட்டுல சம்மதம்னு எழுதிக் கொடுத்தா தான் உள்ள. கேட்ல நெத்திக்கு நேரா டெம்பரேச்சர் பாப்பாங்க, கையில சானிடைசர், ஒரு பெஞ்சுக்கு ஒரு புள்ள, டிபன் பகிர்ந்துக்கக் கூடாது. பன்னெண்டு வயசுப் பசங்க பாருங்க, பக்கத்துல உக்காந்து பேசத்தானே ஸ்கூலுக்கே வருவாங்க, அவங்க ஆளுக்கொரு மூலையில டப்பாவைத் திறந்து பேசாம சாப்பிட்டதை பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. ஆனாலும் வந்த பசங்க முகத்தை பாத்தா, மாஸ்க்குக்கு மேல கண்ணு மட்டும் தெரிஞ்சாலும், புரிஞ்சுதா இல்லையான்னு எனக்கு தெரிஞ்சுடும், நின்னு திரும்ப சொல்லிக் கொடுக்க முடிஞ்சுது.

வீட்டுல இருந்த மிச்சப் பாதி தான் என் கவலை. டீச்சர் போனை ஒரு ஸ்டாண்ட்ல மாட்டி போர்டு பக்கம் திருப்பி வச்சிருப்பாங்க, வெளிச்சம் பட்டு போர்டுல பாதி எழுத்து தெரியாது, எழுதறதுக்காக திரும்பினா குரல் போயிடும், கிளாஸ்ல ஒரு புள்ள கேள்வி கேக்கும், டீச்சர் பதில் சொல்வாங்க, என்ன கேட்டுச்சுன்னு வீட்டுல இருக்கற புள்ளைக்கு காதுல விழாது, பதில் மட்டும் வரும். ரெண்டு நாள் முயற்சி பண்ணுவான், மூணாவது நாள் மியூட் போட்டுட்டு கேமராவை ஆஃப் பண்ணிட்டு வேற ஏதாவது பாக்க ஆரம்பிச்சுடுவான். அதுல அவன் தப்பு ஒண்ணுமில்ல. அந்த கிளாஸ் அவனுக்காக நடக்கல, அவன் எட்டிப் பாத்துட்டு இருந்தான், அவ்வளவுதான். வீட்டுல ஒரே போன், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துட்டுப் போறாருன்னா அந்தப் புள்ளைக்கு கிளாஸே ராத்திரி அனுப்பற ஒர்க்‌ஷீட் போட்டோ தான்.

இன்னொண்ணு, திறக்கறதும் மூடறதுமா இருந்துச்சு. நவம்பர் 1 திறந்தாங்க, புகைனு சொல்லி 15 லேர்ந்து மூடினாங்க, 29 திறந்தாங்க, டிசம்பர் 3 திரும்ப மூடினாங்க, ஆறாவதுலேர்ந்து மேல 18 திறந்தாங்க, மாசக் கடைசில ஒமிக்ரான் வந்து திரும்ப மூடினாங்க. அப்புறம் 2022 பிப்ரவரி 14 தான் எட்டாவது வரைக்கும் இருக்கற கிளாஸ் எல்லாம் திறந்துச்சு, ஏப்ரல்ல தான் ஹைப்ரிட்டே போச்சு. பெரியவங்களுக்கே இந்த தேதியெல்லாம் தலை சுத்துது, அந்தப் புள்ளைங்க எந்த நாள் எழுந்து யூனிஃபார்ம் போடறதுன்னு தெரியாமலே ஒரு குளிர்காலத்தை கழிச்சுதுங்க. அப்ப 12 வயசுப் பசங்களுக்கு தடுப்பூசியும் இல்ல, 2022 மார்ச் 16 தான் ஆரம்பிச்சாங்க, அதனால பயந்து அனுப்பாத அம்மாக்களை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

இப்ப கதை வேற. 2024 நவம்பர்ல இந்த ஹைப்ரிட் கொண்டு வந்தப்ப சுப்ரீம் கோர்ட்டே சொன்ன காரணம் என்னன்னா, நிறைய புள்ளைங்க வீட்டுல ஏர் ப்யூரிஃபையர் கிடையாது, ஆன்லைன் படிக்க வசதியும் கிடையாது, ஸ்கூலை மூடினா மதிய சாப்பாடும் போகுதுன்னு. வீட்டுல தனியா பூட்டின ரூம்ல உக்காந்தாலும் அதே காத்து தானே மூச்சுல போகுது. ஒரு என்95 மாஸ்க் போட்டு வேன்ல அனுப்புங்க, வெளிய ஓடி விளையாட வேண்டாம்னு சொல்லுங்க.

வீட்டுல வச்சே ஆகணும்னா, இருமல்னு வைங்க, முழு நாளும் போன் முன்னாடி உக்கார வைக்காதீங்க. 2020 ஜூலைல மத்திய அரசு போட்ட வழிமுறையிலயே எட்டாவது வரைக்கும் ஒரு நாளைக்கு ரெண்டு கிளாஸ், ஒண்ணு 30 லேர்ந்து 45 நிமிஷம், அதுக்கு மேல வேண்டாம்னு தான் இருக்கு. கணக்கும் சயின்ஸும் லைவா பாக்கட்டும், மத்ததை புக்கை வச்சு படிக்கட்டும். சாயங்காலம் நீங்க வந்ததும் இன்னிக்கு போட்ட ஒரு கணக்கை எனக்கு சொல்லிக் கொடுடான்னு கேளுங்க, சொல்ல முடிஞ்சா புரிஞ்சிருக்கு. பக்கத்து வீட்டுல ஒரு பாட்டி இருந்தா மதியம் ஒரு தடவை எட்டிப் பாக்க சொல்லுங்க.

கேள்வி: எங்க வீடு ஒரே ரூம். கேமரா போட்டா பின்னாடி அம்மா சமைக்கறது தெரியுது, பசங்க சிரிப்பாங்களோன்னு ஆஃப் பண்ணிடறேன், டீச்சர் திட்டறாங்க.
- எட்டாவது மாணவி, ஆர்.கே.புரம்

பதில்: கண்ணு, அம்மா சமைக்கறதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல, அதை முதல்ல மனசுல வச்சுக்கோ. ஆனா கூச்சம் போயிடுன்னு சொன்னா போயிடாது, எனக்கு தெரியும். சுவத்துல சாஞ்சு உக்காந்துக்கோ, போன் உன் முகத்தையும் சுவத்தையும் மட்டும் பாக்கட்டும். மீட்டிங் ஆப்ல பின்னாடி மங்கலாக்கற வசதியும் இருக்கு. டீச்சருக்கு தனியா ஒரு மெசேஜ் போட்டு, வீடு சின்னது மிஸ், கேமரா போட முடியாத நாள்ல குரல்ல பதில் சொல்றேன்னு சொல்லிடு, பெரும்பாலான டீச்சர் ஒத்துப்பாங்க.

கேள்வி: பேரன் கொரோனா வந்தப்ப ஆறாவது போனான். இப்ப பிளஸ் ஒன், மைனஸ் நம்பரைக் கூட்டறதுக்கே தடுமாறுறான். அந்த ஆன்லைன் படிப்பு தான் காரணமா?
- ஒரு தாத்தா, கரோல் பாக்

பதில்: பெரும் பங்கு அதுக்கு தான் சார். மைனஸ் நம்பர், அல்ஜீப்ரா எல்லாம் முதல் முதலா வர்றது ஆறாவதுல, அந்த ஆறாவது அவனுக்கு முழுசா போன்ல போச்சு. 2021 நவம்பர் 12ல நாடு முழுக்க தேசிய சாதனை ஆய்வுன்னு ஒரு டெஸ்ட் வச்சாங்க, அதுல எட்டாவது பசங்க கணக்குல சராசரியா 500க்கு 255 தான், மூணாவது பசங்க 306. மேல போகப் போக குறையுது பாருங்க, அதனால பேரன் மக்குன்னு வீட்டுல யாரையும் சொல்ல விடாதீங்க. பிளஸ் ஒன் புக்கை ஒரு மாசம் ஓரமா வச்சுட்டு ஆறாவது ஏழாவது என்சிஇஆர்டி கணக்கு புக்கை எடுங்க, அவங்க வெப்சைட்லயே இலவசமா கிடைக்குது, தினம் பத்து கணக்கு, நீங்களே பக்கத்துல உக்காருங்க. இந்த வயசுல சின்ன கிளாஸ் புக்கை தொட அவனுக்கு கூச்சமா இருக்கும், அட்டை போட்டுக் கொடுத்துடுங்க.