லோட்மாஸ்டர் ஆக ஆசைப்படும் மகளின் அப்பாவுக்கு

வணக்கம் ஐயா. "இயற்பியலில் அவ்வளவு மார்க் வாங்கிய பெண், போயும் போயும் சரக்கு ஏற்றும் வேலைக்கா?" என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் வருத்தம் புரிகிறது. லோட்மாஸ்டர் என்றால் சரக்கு விமானத்தில் எதை எங்கே வைப்பது, எப்படிக் கட்டுவது என்று பார்த்துக்கொள்பவர். உடலுழைப்பு இருக்கிறது, மறைக்கவில்லை. சரக்கு விமானத்தின் தரையில் உருளைகள் இருக்கும். டன் கணக்கில் எடையுள்ள பேலட்டை (சரக்கை அடுக்கிக் கட்டிய தட்டு) அவற்றின் மேல் நகர்த்தி, பூட்டி, வலையும் பட்டையும் சரிபார்க்க வேண்டும். ஆனால் எதை எங்கே வைப்பது என்ற கணக்கு முழுக்க அவள் படித்த இயற்பியல்தான்.

மொத்தம் 300 டன் எடையுள்ள ஒரு விமானம். அதில் 6 டன் பேலட் ஒன்றை, திட்டத்தில் உள்ள இடத்தைவிட 10 மீட்டர் பின்னால் வைத்துவிட்டார்கள் என்று வையுங்கள். 6-ஐ 10-ஆல் பெருக்கி 300-ஆல் வகுத்தால் 0.2. ஈர்ப்பு மையம், அதாவது விமானத்தின் மொத்த எடையும் சமன்படும் புள்ளி, 20 சென்டிமீட்டர் பின்னால் போய்விட்டது. பூ, இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் பெரிய விமானத்தில்கூட அந்த மையம் இருக்கவேண்டிய எல்லை முன்னும் பின்னுமாகச் சில அடிகள்தான். பின்பாரம் மிஞ்சினால் மூக்கு தானாக மேலே எழும்பும். விமானி எவ்வளவு அழுத்தினாலும் இறங்காமல் போகலாம்.

1997 ஆகஸ்ட் 7 அன்று மயாமியில் ஒரு டிசி-8 சரக்கு விமானத்துக்கு இதுதான் நடந்தது. பாரம் திட்டப்படி ஏற்றப்படவில்லை. ஈர்ப்பு மையம் விமானிகள் கையில் இருந்த தாளில் உள்ளதைவிடப் பின்னால் இருந்தது. அந்தத் தாளை நம்பி வால் இறக்கையின் டிரிம்மை, அதாவது மூக்கைச் சமநிலையில் வைக்கும் அதன் கோணத்தை, வைத்தார்கள். கிளம்பிய உடனே விழுந்தது. விமானத்தில் இருந்த 4 பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள்.

சரியான இடத்தில் வைத்தால் மட்டும் போதாது, அது அங்கேயே இருக்கவும் வேண்டும். 2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பக்ராமிலிருந்து கிளம்பிய போயிங் 747-இல் 5 கவச வாகனங்கள் இருந்தன. பட்டைகள் தாங்காமல் ஒரு வாகனமாவது பின்னோக்கி நகர்ந்து, வால் இறக்கையை இயக்கும் பாகங்களையும் திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் அமைப்பையும் உடைத்தது. இறந்த 7 பேரில் லோட்மாஸ்டரும் ஒருவர். வாகனங்களை எப்படிக் கட்டுவது என்ற நிறுவனத்தின் வழிமுறையிலேயே குறை இருந்ததாக விசாரணை சொன்னது. பட்டையின் பலம் அது இழுக்கும் கோணத்தைப் பொறுத்தது. தரையோடு 60 டிகிரியில் கட்டினால், முன்பின் நகர்வைத் தடுப்பதில் அதன் பலம் பாதிதான். காஸ் 60 எவ்வளவு என்று உங்கள் மகளைக் கேளுங்கள், டக்கென்று சொல்வாள்.

எனக்கு அவள் கணக்கைப் பற்றிக் கவலை இல்லை. நள்ளிரவு மூன்று மணிக்கு, நேரமாகிறது என்று நாலு பேர் கத்தும்போது, "இந்தப் பேலட்டின் எடை தாளில் உள்ளதோடு பொருந்தவில்லை, மறுபடி நிறுங்கள்" என்று வயதில் மூத்தவர்களிடம் சொல்ல முடியுமா? நான் ஒருவரை மதிப்பிட்டால் முதலில் இதைத்தான் பார்ப்பேன். மார்க் அப்புறம்.

வழி என்ன என்று கேட்பீர்கள். இதற்கென்று எல்லோரும் ஏற்கும் ஒரே பட்டம் கிடையாது. பலர் விமான நிலையத்தில் சரக்கு கையாளும் வேலையில் சேர்ந்து, எடை-சமநிலைப் பயிற்சியும் அபாயகரமான பொருள்களுக்கான பயிற்சியும் முடித்து மேலே வருகிறார்கள். லித்தியம் பேட்டரி வந்தபின் இரண்டாவது பயிற்சிக்கு மதிப்பு கூடிவிட்டது. அதை ஒருமுறை முடித்தால் போதாது, 24 மாதத்துக்குள் புதுப்பிக்க வேண்டும். பறக்கவேண்டாம் என்றால், அலுவலகத்தில் உட்கார்ந்து லோட் ஷீட் (விமானிகளுக்குக் கொடுக்கும் அந்த எடைக் கணக்குத் தாள்) போடும் லோட் கன்ட்ரோல் வேலை இருக்கிறது. அதுவும் ஷிப்ட்தான். ஆனால் பெரும்பாலும் வீட்டுக்கு வந்து தூங்கலாம். லோட்மாஸ்டராகப் பறந்தால் அதற்கு உத்தரவாதம் இல்லை.

"வேலை நிச்சயம்" என்று பெரிய தொகை கேட்கும் பயிற்சி நிலையங்களிடம் ஜாக்கிரதை. சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவை: எந்த விமான வகைக்குப் பயிற்சி? ஓடுதளப் பக்கம் நிஜ சரக்கோடு எத்தனை நாள்? சான்றிதழை எந்த நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன, அங்கே சேர்ந்த ஒருவரிடம் பேச முடியுமா?

இவற்றை நீங்கள் கேட்காதீர்கள் ஐயா. அவளையே கேட்க விட்டு, பக்கத்தில் சும்மா உட்காருங்கள். எதிரில் இருப்பவர் மழுப்பும்போது அவள் தலையாட்டிவிட்டு வருகிறாளா, திரும்பக் கேட்கிறாளா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். கட்டணம் கட்டுவதை அதற்குப் பிறகு பேசுவோம்.