பேரேட்டில் எழுதியிருந்த 212 புத்தகங்கள்

மேல்படிப்புக்கு யோசனை கேட்டு, போன சனிக்கிழமை குடியாத்தத்திலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் வந்திருந்தது. அப்பாவுக்கு லுங்கி வியாபாரம். பாப்பா பிளஸ் டூ முடித்திருக்கிறாள். உட்கார்ந்ததுமே அம்மா சொன்னார்: "எந்நேரமும் கதைப் புக்குதான் சார். இன்னாத்துக்கு உதவும் அது?" ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டேன். பிறகு யோசித்தால் அது தப்பு என்று பட்டது. அதனால் அந்த அப்பாவுக்கு இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இதே கதை என்றால் நீங்களும் படியுங்கள்.

ஐயா, முதலில் பணம். பெங்களூரில் இருக்கும் உங்கள் மச்சான் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். மேனேஜ்மென்ட் சீட்டு, நாலு வருடத்துக்கு 14 லட்சம். கையில் 4 இருக்கிறது, மீதி 10 லட்சம் கடன். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாக அடமானம் கேட்கும். உங்களிடம் இருப்பதோ அந்த ஒரு வீடு. 10 சதவீத வட்டி, பத்து வருடத் தவணை என்றால் மாதம் 13,215 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி தனி. அதை மச்சான் கட்டப் போவதில்லை. கணக்குப் பீரியடில் பெஞ்சுக்கு அடியில் நாவல் வைத்துப் படித்ததாகப் பாப்பாவே சிரித்துக்கொண்டு சொன்னாள். அந்தப் படிப்பை நம்பி வீட்டுப் பத்திரத்தை வைக்காதீர்கள். இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

பி.எட். முடித்து டீச்சர் ஆவது, பேங்க் பரீட்சை எழுதுவது எல்லாம் உங்கள் தெருவிலேயே பத்துப் பேர் சொல்வார்கள். அதற்கு நான் எதற்கு?

நீங்கள் டீ குடிக்க வெளியே போனபோது பாப்பா பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினாள். உங்கள் கடைப் பேரேடுதான். பற்று என்று அச்சடித்த பத்தியில் புத்தகத்தின் பெயர், வரவு பத்தியில் அதை யாருக்குக் கொடுக்கலாம் என்று குறிப்பு. எல்லாம் 'யங் அடல்ட்' என்கிற வகை, பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கான கதைகள். 212 எண்ணிக்கை. ஒரு குறிப்பு இப்படி: "புத்தகமே பிடிக்காத, ஒன்பதாவது படிக்கிற பையனுக்கு. நாற்பது பக்கம் தாண்டினால் அப்புறம் ஓடும். வீட்டில் யாராவது செத்துப்போயிருந்தால் இப்போ கொடுக்கக் கூடாது."

பொழுதுபோக்குக்குப் படிக்கிற பிள்ளை இப்படி எழுத மாட்டாள். இது நூலகர் செய்கிற வேலை. சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் எழுதிய நூலகத்தின் ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்பது. உங்கள் பாப்பா அதைக் கேள்விப்பட்டதே இல்லை, ஆனால் பேரேடு முழுக்க அதைத்தான் செய்திருக்கிறாள். ரங்கநாதனும் கணக்கு வாத்தியாராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர்தான் என்று மச்சானிடம் சொல்லுங்கள். அவர் முயற்சியில் வந்ததுதான் 1948-ன் பொது நூலகச் சட்டம். நீங்கள் கட்டுகிற வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி போகிறதே, அது இந்தச் சட்டப்படிதான். அமெரிக்காவில் இந்தப் பதின்வயதுக் கதைகளுக்கென்று 2000-லிருந்து கொடுக்கிற பிரின்ட்ஸ் விருது கான்சஸ் மாநிலத்துப் பள்ளி நூலகர் ஒருவர் பெயரில் இருக்கிறது. அதைச் சொன்னதும் பாப்பா முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

சரி, வழி என்ன? முதலில் ஏதாவது ஒரு பட்டம். ஆங்கிலம், தமிழ், வரலாறு, எதுவானாலும் அவள் இஷ்டம். உங்கள் ஊரிலேயே அரசு திருமகள் ஆலைக் கல்லூரி இருக்கிறது, வேலூரில் ஊரிஸ், முத்துரங்கம் கல்லூரிகளும் இருக்கின்றன. அரசுக் கல்லூரியில் வருடக் கட்டணம் சில ஆயிரத்தோடு முடிந்துவிடும். பிறகு லைப்ரரி சயின்ஸ்: ஒரு வருடம் பி.எல்.ஐ.எஸ்., இன்னொரு வருடம் எம்.எல்.ஐ.எஸ். தொலைதூர வழியில் சேர்ந்தால் அந்த வருடத்துக்கு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். அப்புறம் நெட், அதாவது கல்லூரி வேலைக்கான தேசியத் தகுதித் தேர்வு. தேறி, யுஜிசி ஊதியம் கொடுக்கிற கல்லூரியில் நூலகராகச் சேர்ந்தால் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. உதவிப் பேராசிரியருக்கும் அதேதான். கேந்திரிய வித்யாலயா நூலகருக்கு 44,900. பொது நூலகங்களுக்கு டிஎன்பிஎஸ்சி ஆள் எடுக்கிறது. மருத்துவக் கல்லூரிகளிலும் நூலகர்கள் உண்டு, பக்கத்து வேலூரிலேயே சிஎம்சி மருத்துவக் கல்லூரி இருப்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மச்சான் கம்ப்யூட்டர் கேட்டாரல்லவா, அதுவும் இதில் உண்டு. நூலகங்களில் ஓடுகிற 'கோஹா' என்ற மென்பொருள் நியூசிலாந்தில் பிறந்தது, இலவசம். பாப்பா இந்த லீவிலேயே வீட்டுக் கணினியில் அதை ஏற்றி அந்த 212 புத்தகங்களையும் பட்டியல் போடட்டும். புத்தகங்களை எண் கொடுத்து வகை பிரிக்கிற டியூயி முறையில் ஆங்கில நாவலுக்கு 823, தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்று எண் போட்டுப் பழகினால் கல்லூரிக்குப் போகுமுன்பே பாதி வேலை கைவந்துவிடும்.

கசப்பானதையும் சொல்லிவிடுகிறேன். அரசுப் பணியிடங்கள் குறைவு, அறிவிப்பு வர வருடக்கணக்கில் காத்திருக்க நேரும். தனியார் பள்ளிகளில் சம்பளம் சுமார்தான், டீச்சர் வராத நாளில் நூலகரை வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள். நாள் முழுக்க உட்கார்ந்து கதை படிக்கிற வேலையும் இல்லை. இதைப் பாப்பாவிடமும் நேராகச் சொன்னேன், கொஞ்சம் வாடினாள். பரவாயில்லை, இப்போதே தெரியட்டும்.

அதனால் கல்லூரி விண்ணப்பத்துக்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். பக்கத்திலிருக்கிற கிளை நூலகத்தில் பேசி, இரண்டு வாரம் திரும்பி வரும் புத்தகங்களை அடுக்க அவளை அனுப்புங்கள். தூசி, கிழிந்த அட்டை, நாளிதழுக்குச் சண்டை போடுகிற பெரியவர்கள், எல்லாம் பார்க்கட்டும். பதினைந்தாவது நாள் காலையில் நீங்கள் எழுப்பாமல் தானாகக் கிளம்புகிறாளா என்று கவனித்து எனக்குப் போன் செய்யுங்கள். அதுவரை மேனேஜ்மென்ட் சீட்டுக்கு ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மச்சான் கோபித்துக்கொண்டால் அடுத்த சனிக்கிழமை அவரையும் கூட்டி வாருங்கள், அந்தப் பேரேட்டோடு.