வரி இல்லை என்றால் ரிட்டர்னும் வேண்டாமா?

கேள்வி: பனியன் கம்பெனியில் மாதம் 36,000 ரூபாய் சம்பளம். 2025-26-ல் ஃபிக்சட் டெபாசிட் வட்டி 62,000 வந்தது. வங்கி 6,200-ஐ டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடித்துவிட்டது. 12 லட்சம் வரை வரியே கிடையாது, ரிட்டர்ன் (வருமான வரிக் கணக்குத் தாக்கல்) எதற்கு என்கிறார்கள். 68 வயதான அப்பா, ஊர் நிலத்தை விற்ற 55 லட்சத்தைச் சேமிப்புக் கணக்கில் போட்டிருக்கிறார். வேறு வருமானம் பெரிதாக இல்லை. அவர் தாக்கல் செய்ய வேண்டுமா?
- வாசகர், பல்லடம்

பதில்: இருவருமே செய்ய வேண்டும். காரணம்தான் வேறு வேறு.

12 லட்சம் என்பது, கணக்கிட்ட வரி முழுவதும் தள்ளுபடியாகும் வரம்பு. தாக்கல் செய்ய வேண்டுமா என்பதற்கு, புதிய வரி முறையில் 2025-26-க்கு 4 லட்சத்தைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் ஆண்டுச் சம்பளம் 4,32,000. சம்பளக்காரர்களுக்கான நிலையான கழிவு 75,000 போனால் 3,57,000. வட்டியைச் சேர்த்தால் 4,19,000, வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். 19,000-க்கு 5 சதவீதமாக வரும் 950 ரூபாய் வரி தள்ளுபடியில் போய்விடும். பிடித்த 6,200 முழுவதும் திரும்ப வரும், ஆனால் ரிட்டர்ன் போட்டால்தான் வரும்.

பி.எஃப்., எல்.ஐ.சி. கட்டியதைக் கழித்து '4 லட்சத்துக்குக் கீழே' என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அது செல்லாது. 36,000 என்பது கைக்கு வரும் தொகை என்றால் பிடித்தத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். கம்பெனி படிவம் 16 (சம்பளம், வரிப் பிடித்தச் சான்று) தராவிட்டால் சம்பள ரசீதுகள் போதும்.

உங்களுக்கான ரிட்டர்ன் படிவம் ஐ.டி.ஆர்.-1, ஜூலை 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். தொடங்கும் முன் வருமான வரித் தளத்தில் படிவம் 26ஏஎஸ் (உங்கள் பேரில் பிடித்த வரி விவரம்), ஏஐஎஸ் (ஆண்டு வருமான, பரிவர்த்தனை விவரம்) இரண்டையும் இறக்கி, 6,200 உங்கள் பானில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சேமிப்புக் கணக்கு வட்டியும் ஏஐஎஸ்-ல் இருக்கும். அதை விட்டுவிட்டால் பின்னால் நோட்டீஸ் வரலாம். ரீஃபண்ட் பெரும்பாலும் சிக்குவது வங்கிக் கணக்கில்தான்: தளத்தில் அதை முன்கூட்டியே சரிபார்த்திருக்க வேண்டும், பானில் உள்ள பெயரும் வங்கியில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். தாக்கல் செய்த 30 நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. மூலம் இ-வெரிஃபை (ஆன்லைனில் உறுதி) செய்யுங்கள். தள்ளிப்போனால் வெரிஃபை செய்த நாளே தாக்கல் நாளாகும். அது ஜூலை 31-ஐத் தாண்டினால் 1,000 ரூபாய் தாமதக் கட்டணம்.

அப்பா விஷயத்தில் வருமானம் காரணமல்ல. ஓராண்டில் சேமிப்புக் கணக்குகளில் மொத்தம் 50 லட்சமோ அதற்கு மேலோ போட்டால் ரிட்டர்ன் கட்டாயம். இரண்டு வங்கிகளில் பிரித்துப் போட்டாலும் கூட்டித்தான் பார்ப்பார்கள். (இதுபோலவே, ஆண்டு மின்கட்டணம் 1 லட்சத்தைத் தாண்டினாலும், வெளிநாட்டுப் பயணச் செலவு 2 லட்சத்தைத் தாண்டினாலும் கட்டாயம்.)

ஊர் நிலம் என்றீர்கள். விவசாய நிலமாக, நகராட்சி எல்லையிலிருந்து போதிய தூரத்தில் இருந்தால் விற்ற லாபத்துக்கு வரி இல்லை. நகராட்சியின் மக்கள்தொகை 10,000-க்கு மேல் 1 லட்சம் வரை என்றால் 2 கிலோமீட்டர், 10 லட்சம் வரை என்றால் 6, அதற்கும் மேல் என்றால் 8. சாலை வழியே அல்ல, நேர்கோட்டில் அளக்க வேண்டும். இந்த எல்லைக்குள் நிலம் வந்தால் மூலதன ஆதாயம் (விற்றதில் கிடைத்த லாபம்) கணக்கிட வேண்டும். அதை ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள். வெளியே என்றால் கிரயப் பத்திர நகல், சிட்டா, அடங்கல் மூன்றையும் எடுத்து வையுங்கள். 55 லட்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்ட வேண்டியவை அவை.